ஐஸ் அக்காவும் ஊதா மூடிக் குழாயும்

"இந்த ரத்தத்தை எடுத்துக்க முடியாதும்மா. செத்துப்போச்சு."

ஃபோனில் அந்தக் குரல் இதைச் சொன்னபோது பகல் ஒன்று பத்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் ஐஸ் அக்கா அதைக் கேட்டாள். கையிலிருந்த பஞ்சு உருண்டை தரையில் விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. செத்துப்போனது யாருடைய ரத்தம்? அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த தங்கையின் ரத்தம்!

ஐஸ் அக்கா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவமனையின் தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கவுன்ட்டருக்கும் நடுவே ஓர் அறை உண்டு. மூன்று நாற்காலி, ஒரு சாய்வுப் படுக்கை, ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் அந்த அறையில் இருபத்திரண்டு வருடமாக ஊசி பிடிப்பவள் அவள். வயது ஐம்பது. ஒல்லி. காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்கும் கூட்டம் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும். அவள் முகம் தெரிந்தால்தான் உள்ளே வரும். இல்லையென்றால், "நாங்க அப்புறமா வரோம்" என்று நழுவிவிடும்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "உங்க வீட்ல குறட்டை விடுறது யாரு?" என்று கேட்பாள். எந்த மனிதரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "நானா? அவர்தான்! சுவரே ஆடும்!" என்று மனைவி ஆரம்பித்து முடிப்பதற்குள் குழாய் நிரம்பி, ஊசி வெளியே வந்து, பஞ்சு அமுக்கியாகிவிடும்.

'ஐஸ்' என்ற பெயர் வந்தது வேறு கதை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஈரல் கெட்டுக் கிடந்த ஒருவரின் ரத்தத்தை அவள் வெறுங்கையில் மாடியிலிருந்த லேபுக்குக் கொண்டுபோனாள். அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த நொடியிலேயே ஐஸில் வைத்திருக்க வேண்டும். ஒரு டாக்டர் வராந்தாவில் இருபது பேர் பார்க்க அவளை உரித்துத் தொங்கவிட்டார். அன்று கழிப்பறையில் நின்று அழுதவள், மறுநாள் சொந்தக் காசில் ஒரு நீல ஐஸ் பெட்டி வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐஸ் கேட்கும் ரத்தத்துக்கும் ஐஸ். சந்தேகமாக இருந்தால் அதற்கும் ஐஸ். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டி அவள் தோளை விட்டு இறங்கியதில்லை.

"யாருக்குமே ஐஸ் வைக்கத் தெரியாத பொம்பளைக்கு ஐஸ் அக்கான்னு பேரு வச்சிருக்கானுங்க பாரு" என்பான் பக்கத்து நாற்காலிக்காரன். இடது கையால் ஊசி பிடிப்பவன் என்பதால் அவனுக்கு 'இடதுகை' என்றே பெயர்.

அந்த அறைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை. ஒருவரை இரண்டு முறைதான் குத்தலாம். நரம்பு கிடைக்காவிட்டால் ஊசியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டாவது சட்டம், சொந்தக்காரர்களுக்கு ரத்தம் எடுக்கக் கூடாது. பாசம் கையை நடுங்க வைக்கும்.

அதனால்தான் அன்று காலை பத்து மணிக்குத் தங்கையின் கையில் குத்தியது இடதுகை. ஐஸ் அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் இந்த முனையிலிருந்து அவள் விசில் அடித்தால் அந்த முனையில் ஓடுகிற பிள்ளை சிலையாக நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருடத்துக்கு முன் மூக்கின் இரு பக்கமும் சிவப்பாகத் தடித்தது. வெயில் என்றார்கள். பிறகு விரல் மூட்டுகள் வீங்கின. வயது என்றார்கள். பிறகு படியேற முடியவில்லை. கடைசியில்தான் ஒரு மூட்டு டாக்டர் பெயரைச் சொன்னார்: லூபஸ். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்து அடிக்கும் நோய். மாத்திரைகளில் முகம் பூசணியாக உப்பியது, ஆனால் நோய் அடங்கவில்லை. இப்போது சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. கால்கள் வீங்கி, ஒன்பது நாளாக அதே மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் படுத்திருந்தாள்.

அன்று காலை மூட்டு டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆராய்ச்சி லேப்ல ஒரு புது மருந்தைச் சோதனை பண்றாங்க. இருபது பேருக்கு. பத்தொன்பது பேர் சேர்ந்தாச்சு. ஒரே ஒரு இடம். இன்னைக்குச் சாயங்காலத்தோட பட்டியலை மூடுறாங்க. குணமாக்கிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்ப கொடுக்கிற மருந்து எதுவும் கேட்கலை. இப்படியே போனா கிட்னி மெஷின்ல போட வேண்டி வரும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும் டாக்டர்?" என்றாள் தங்கை.

"ரத்தம் குடுக்கணும். அதுல உதவி டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. அதை எண்ணிப் பார்ப்பாங்க. கணக்கு ஒத்து வந்தாத்தான் இடம்."

"உதவியா? யாருக்கு உதவி?"

டாக்டர் சிரித்தார். "கிருமியை அது நேரா அடிக்காது. வேற செல்லுங்க கிருமியோட ஒரு துண்டைக் கொண்டுவந்து அதுகிட்ட காட்டும். எதிரிதான்னு தெரிஞ்சா, அது மத்தவங்களுக்குச் சொல்லும். நீ போய்த் தின்னு, நீ போய்க் கொல்லு, நீ ஆயுதம் செஞ்சு அனுப்புன்னு. எச்.ஐ.வி. கிருமி இந்த உதவி செல்லைத்தான் குறிவச்சு அழிக்குது. இவங்க இல்லைன்னா மத்த படையெல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை."

"விசில் அடிக்கிற ஆளு" என்றாள் தங்கை.

"கரெக்ட்!"

"அப்போ எனக்குள்ள ஒருத்தன் தப்புத் தப்பா விசில் அடிக்கிறான். எல்லாரும் அவனை நம்பி ஓடி வந்து என்னையே மிதிக்கிறாங்க."

டாக்டர் கைதட்டாத குறை. "இதைவிட நல்லா நான் கிளாஸ்லகூடச் சொன்னதில்லைம்மா."

இடதுகை அரைமணி நேரம் தடவித் தேடி, ஒரே குத்தில் எடுத்துவிட்டான். ஊதா மூடிக் குழாய் ஒன்று. ஆராய்ச்சி லேபின் ஆள் காலையிலேயே வந்து போய்விட்டதால் குழாயைக் கொண்டுபோக யாருமில்லை. மாப்பிள்ளை முன்னால் வந்தார். தங்கையின் கணவர். ஐஸ்கிரீம் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர்.

"என் வண்டியில மே மாச வெயில்லயும் ஒரு கப்பு இளகினது கிடையாதுக்கா. உங்க தங்கச்சி ரத்தமா கெட்டுப்போகும்?"

ஐஸ் அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. குழாயைப் பையில் போட்டாள். பையை நீலப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே புதைத்தாள். பெட்டியைத் தன் கையாலேயே வேனின் குளிர் அறைக்குள், வெண்ணிலாப் பெட்டிகளுக்கு நடுவில் இறுக்கி வைத்தாள். தங்கைக்குச் செய்வது, குறை இருக்கக் கூடாது. குழாயோடு வந்த சீட்டை மடித்து மாப்பிள்ளையின் சட்டைப்பையில் செருகினாள். படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஊசி பிடித்தவள் சீட்டு எதற்குப் படிக்கிறாள்?

இப்போது ஃபோனில் மாப்பிள்ளை அந்தச் சீட்டைப் படித்தார். அவர் குரல் உடைந்திருந்தது. "சிவப்பு எழுத்துல போட்டிருக்குக்கா. 'குளிரில் வைக்கக் கூடாது.' அடியில கோடு வேற போட்டிருக்கு."

ஐஸ் அக்கா வாய்விட்டு அழுதாள்.

ஃபோனை மறுபடியும் அந்தப் பெண் வாங்கினாள். ஆராய்ச்சி லேபில் அந்த மெஷினை ஓட்டுகிறவள். நாள் முழுக்கத் திரையில் புள்ளிகளையே பார்ப்பதால் அங்கே அவளுக்குப் 'புள்ளி மேடம்' என்று பெயராம். இது பின்னால் தெரிந்தது.

"அம்மா, அழாதீங்க, கேளுங்க. சர்க்கரை பார்க்க, உப்பு பார்க்க வர்ற ரத்தம் வேற. எனக்கு அந்தச் செல் உயிரோட வேணும். குளிர்ல போட்டா அது சுருண்டுக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மேல இருக்கிற அடையாளம் மங்கிடும். எது உதவி செல், எது வேற செல்லுன்னு என் மெஷினுக்குத் தெரியாது. தப்பா எண்ணிடும்."

"நான்தான் மேடம் கொன்னேன். நான்தான் ஐஸ் வச்சேன்."

"புதுசா எடுத்துட்டு வாங்க. நாலு மணிக்குக் கடைசி வரிசை ஏத்துறேன். நாலுக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் என்னால முடியாது. மேலதிகாரி என் தலையை எடுத்துடுவாரு."

"எதுல வச்சுக் கொண்டு வரணும்?"

"நீங்க உட்கார்ந்திருக்க முடியுற எடத்துல அதுவும் உட்காரும். உங்களுக்குக் குளிரக் கூடாது, வேர்க்கக் கூடாது. அவ்வளவுதான்."

மாப்பிள்ளை வேனைத் திருப்பினார். இங்கே ஐஸ் அக்கா இரண்டு இரண்டு படியாக மாடி ஏறினாள். கட்டில் காலி! சிறுநீரகத்தை ஸ்கேன் பார்க்கத் தங்கையைக் கீழே கொண்டு போயிருந்தார்கள். வாசலில் எட்டுப் பேர் வரிசை. கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு கிழவரின் காலைக்கூடப் பிடிக்கப் போனாள். அவர் பதறி, "என் முறையை எடுத்துக்கம்மா, காலை விடு" என்றார். அப்படியும் தங்கை கட்டிலுக்குத் திரும்பியபோது மணி இரண்டரை.

இடதுகை வந்தான். தங்கையின் வலது கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தொட முடியாது. இடது கை வீங்கி, காலையில் குத்திய இடம் கருநீலமாகியிருந்தது. சூடான துண்டை வைத்து ஒத்தினார்கள். முதல் குத்து, ஒன்றுமில்லை. இரண்டாவது குத்து, ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. இடதுகையின் நெற்றியில் வியர்வை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஐஸ் அக்காவைப் பார்த்தான்.

"என் ரெண்டும் முடிஞ்சதுக்கா."

"மத்தியான ஷிப்ட்டுக்காரி எங்க?"

"மூணரைக்குத்தான் வருவா. இங்க உங்களைத் தவிர ஆள் இல்லை."

"நான் எப்படிடா? சொந்த ரத்தம்!"

"சட்டத்தை நாமதானே போட்டோம். இன்னைக்கு ஒரு நாள் நாமளே கண்ணை மூடிக்குவோம்" என்று சொல்லி, அவன் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு நாற்பது.

ஐஸ் அக்கா கையுறை மாட்டினாள். விரல் நடுங்கியது. தங்கையின் இடது கையை மடியில் எடுத்து வைத்தாள். இதே கை. அம்மா போன அன்று, நான்கு வயதில், அக்காவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்ற கை. அன்று ஐஸ் அக்காவுக்குப் பதினாறு. அதன் பிறகு அவளுக்கென்று ஒரு கல்யாணமோ, ஒரு வீடோ, ஒரு ஞாயிற்றுக்கிழமையோ இருந்ததில்லை.

இந்தக் கையில் எங்கே நரம்பு என்று அவளுக்குத் தெரியாதா? கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்கு மேல், ஒரு பச்சைக் கோடு ஓடும். சாதாரணமாகத் தெரியாது. சின்ன வயதில் தங்கைக்குக் கோபம் வந்து விரலை மடக்கி முட்டியை இறுக்கினால் மட்டும் தெரியும். பந்து விளையாட்டில் தோற்றுப்போய் வந்த நாட்களில் எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறாள்.

"பாப்பா, கையை இறுக்கு."

தங்கை மடக்கினாள். வலு இல்லை. கோடு தெரியவில்லை.

"இன்னும். கோபமா இறுக்கு."

"யார் மேல கோபம்? எனக்குத் தூக்கம் வருதுக்கா."

"என் மேல கோபப்படு! உன் நீல சைக்கிளை எடைக்குப் போட்டது பக்கத்து வீட்டுக்காரர் இல்லடி. நான்தான்."

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்று தங்கை உப்பிய முகத்தோடு சிரித்தாள்.

"உன் கல்யாணத்துல உன் புருஷனைப் பார்த்து, இந்தக் குச்சி ஐஸைத்தான் தேடிப் பிடிச்சியான்னு கேட்டேனே."

"அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

இரண்டு ஐம்பது. என்ன சொன்னால் இவளுக்குக் கோபம் வரும்? எல்லாவற்றையும் மன்னித்துவிட்ட பெண்ணுக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

ஒன்று இருந்தது. இருபத்து நான்கு வருடமாக அவள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உனக்குப் பதினாலு வயசுல, அந்த விளையாட்டுப் பள்ளிக்கூடத்துல சேர எழுதிப் போட்டியே. பதிலே வரலைன்னு மூணு மாசம் தபால்காரனைத் துரத்தினியே."

தங்கையின் சிரிப்பு நின்றது.

"பதில் வந்துச்சு பாப்பா. உனக்கு இடம் கிடைச்சிருந்துச்சு. தங்கிப் படிக்க, சாப்பிட, எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்கன்னு எழுதியிருந்தாங்க. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

தங்கை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன்?"

"அங்க உன்னை யார் பார்த்துக்குவா, காய்ச்சல் வந்தா யார் இருப்பான்னு... பொய்டி. நீ போயிட்டா நான் யாருக்காக எந்திரிக்கிறதுன்னு பயந்தேன்."

"நீ..." தங்கையின் உதடு துடித்தது. "என்னை ஒருத்தரும் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு நினைச்சேனே. நான் லாயக்கில்லைன்னு நினைச்சேனே. இத்தனை வருஷமா அந்த மைதானத்துல நின்னு விசில் அடிச்சுக்கிட்டு... நீயா? நீயாக்கா?"

வீங்கிய விரல்கள் மடங்கின. முட்டி இறுகியது. கட்டில் சட்டத்தில் ஓங்கிக் குத்தப் போகிற மாதிரி அந்தக் கை விறைத்தது. கட்டைவிரலின் அடியில், மெல்ல, ஒரு பச்சைக் கோடு எழும்பி வந்தது.

ஐஸ் அக்காவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ஆனால் விரல்? விரல் நடுங்கவில்லை! இருபத்திரண்டு வருடத்துப் பழக்கம் அந்த ஒரு நொடியில் அவளைத் தாங்கிப் பிடித்தது. குத்தினாள். குழாய்க்குள் கருஞ்சிவப்பாக ஒரு கோடு பாய்ந்தது.

"வந்துருச்சு!" என்று இடதுகை கத்தினான். கண்ணை மூடியிருந்தவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஊதா மூடி. மெதுவாக எட்டு முறை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்தினாள். பெயர்ச் சீட்டு ஒட்டினாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அக்கா" என்றாள் தங்கை. குரலில் நெருப்பு அணையவில்லை. "நாம பேச வேண்டியது நிறைய இருக்கு. அதுக்கு நான் உயிரோட இருக்கணும். ஓடு!"

ஓடினாள். நீலப் பெட்டி வேனின் குளிர் அறையிலேயே கிடக்கட்டும். காலையில் சாப்பிட்டுக் கழுவி வைத்த டிபன் டப்பாவில் கைத்துண்டைச் சுற்றிக் குழாயைப் படுக்க வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வேனில் ஏறியபோது மூன்று மணி ஐந்து நிமிடம்.

மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். பழக்கத்தில் கை ஏசி பொத்தானுக்குப் போனது.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன் மாப்ள!"

"ஜன்னலை இறக்கட்டுமா?"

"இறக்குங்க. வெயில் மேல படாம நான் பார்த்துக்கிறேன்."

பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நூற்றிருபது கப் ஐஸ்கிரீம். மாப்பிள்ளையின் ஃபோன் விடாமல் அடித்தது. "சார், இன்னைக்கு உங்க பசங்களுக்கு ஐஸ்கிரீம் கொஞ்சம் லேட்டு சார். ஏன்னா... என் பொண்டாட்டியோட செல்லுங்க சூடா வேணும்னு சொல்றாங்க சார். ஃபோன் இல்ல சார், ரத்தத்துல இருக்கிற செல்லு. வைக்கிறேன் சார்!"

பாலத்தின் மேல் வந்ததும் எல்லாம் நின்றது. முன்னால் ஒரு லாரி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று முப்பத்திரண்டு. ஒரு ஹாரன், ஐம்பது ஹாரன். ஓர் அங்குலம் நகரவில்லை. ஐஸ் அக்கா டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வேர்க்கிறது. எனக்கு வேர்த்தால் அதற்கும் வேர்க்குமே!

"மாப்ள, நான் எறங்குறேன்."

"ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்குக்கா! உங்க முழங்கால்?"

"அது கிடக்கு!"

குழாயைக் குலுக்கவும் கூடாது. அதனால் அவள் ஓடாமல் ஓடினாள். இடுப்புக்கு மேல் சிலை. இடுப்புக்குக் கீழ் காற்று. ஆற்றின் மேலிருந்து வந்த காற்றில் டப்பாவை லேசாகப் பிடித்துக்கொண்டாள். வண்டிகளுக்கு நடுவே ஒரு ஐம்பது வயதுப் பெண் டிபன் டப்பாவைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போவதைப் பார்த்து யாரோ, "என்னம்மா, வீட்டுக்காரருக்குப் பசிக்குதா?" என்று கிண்டலடித்தார்கள். அவள் காதில் விழவில்லை. 'செத்துடாதீங்கடா, செத்துடாதீங்க' என்று டப்பாவுக்குள் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையை மூன்று வருடமாக வதைத்தவர்கள்தான்! அவர்களை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இத்தனை பாடு. இந்த விசித்திரம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

லேபின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தபோது மூன்று ஐம்பத்தைந்து.

கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள் புள்ளி மேடம். கட்டையான உருவம், கனத்த கண்ணாடி. டப்பாவைத் திறந்தாள். கையுறை போட்ட கையால் குழாயைத் தூக்கினாள். சூடு காட்டும் பட்டையைக் குழாயின் மேல் வைத்துப் பார்த்தாள். குழாயை வெளிச்சத்தில் சாய்த்தாள்.

"இருபத்தஞ்சு டிகிரி" என்றாள் புள்ளி மேடம். "கட்டி இல்லை. எடுத்துக்கிட்டேன்."

ஐஸ் அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. அதற்குள் ரத்தத்தில் ஏதேதோ கலந்து, இருட்டில் வைத்து, மெஷினுக்குள் ஏற்றியிருந்தார்கள். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்து எழ மறுத்த இந்தப் பெண்ணைப் பார்த்துப் புள்ளி மேடத்துக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடித் தடுப்பு வரை கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

கறுப்புத் திரையில் புள்ளிகள் பொழிந்துகொண்டிருந்தன. ஒன்று, நூறு, ஆயிரம்! கொசுக்கூட்டம் போல ஓர் இடத்தில் அடர்ந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். ஒத்தை வரிசையில விட்டு ஒவ்வொண்ணு மேலயும் வெளிச்சம் அடிக்கிறேன். உதவி செல்லை மட்டும் பிடிக்கிற சாயம் போட்டிருக்கு. இதோ, இந்தக் கூட்டம்தான் அவங்க."

மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். "இந்தப் பயலுகதானா என் பொண்டாட்டியைப் படுக்கப் போட்டது?"

"எல்லாரும் இல்ல சார். இதுல முக்கால்வாசிப் பேர் ஒழுங்கா வேலை பார்க்கிறவங்க. இவங்க இல்லைன்னா சளி பிடிச்சே ஆள் போயிடுவாங்க. ஆயுதம் செய்யச் சொல்லித் தூண்டுற ஒரு கோஷ்டி மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கு. இங்க பாருங்க, ஓரத்துல கொஞ்சமா இருக்காங்களே, இவங்க 'போதும், நிறுத்து'ன்னு சொல்றவங்க. இவங்க ரொம்பக் குறைஞ்சு போயிட்டாங்க. நாங்க தேடினதே இந்த மாதிரி கணக்கைத்தான்."

"அப்போ?"

அவள் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். உள்ளே போனாள். மேலதிகாரியின் கதவு மூடியது. பதினைந்து நிமிடம். ஐஸ் அக்கா மாப்பிள்ளையின் சட்டைக் கையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு பொத்தான் தெறித்தது.

கதவு திறந்தது. புள்ளி மேடத்தின் கையில் ஒரு தாள். கனத்த கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளத்தது.

"இருபதாவது பேர் எழுதியாச்சு. திங்கட்கிழமை முதல் ஊசி."

மாப்பிள்ளை கத்திய கத்தலில் இரண்டு மாடி ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். அவர் வேனுக்கு ஓடி, கை நிறைய ஐஸ்கிரீம் கப்புகளை அள்ளி வந்து காவலாளியிலிருந்து மேலதிகாரி வரை எல்லார் கையிலும் திணித்தார். பள்ளிக்கூடத்துக் கணக்கில் எத்தனை குறையும் என்று நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்!

பிறகு தங்கைக்கு ஃபோன் போட்டு, எல்லார் காதிலும் விழும்படி வைத்தார். சேதியை ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு விம்மல். பிறகு, "அந்த விசில்காரனைப் பார்த்தீங்களா? எப்படி இருக்கான்?"

"புள்ளி மாதிரி இருக்கான்" என்றார் மாப்பிள்ளை. "கெட்டவன் இல்லையாம். உதவுறேன்னு கிளம்பி, எங்க நிறுத்தணும்னு தெரியாம உன்னைப் போட்டு வாட்டியிருக்கானாம்."

"எங்க அக்கா மாதிரின்னு சொல்லுங்க."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சிரித்தார். ஐஸ் அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, கேட்குதா?"

"கேட்குது பாப்பா."

"அந்த லெட்டர் இன்னும் இருக்கா?"

"இருக்கு. பீரோல, புடவைக்கு அடியில."

"நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வா. நான் படிக்கணும். அப்புறம் உன்கூடச் சண்டை போடணும். பெரிய சண்டை. சீக்கிரத்துல முடியாது."

"எவ்வளவு நாள் வேணும்னாலும் போடு. கொண்டு வரேன்."

ஃபோனை வைக்கப் போனார்கள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, அழுகையும் சிரிப்பும் கலந்து, மைதானத்தின் மறுமுனை வரை கேட்கும் அந்தப் பழைய குரல் வந்தது.

"அக்கா! அதையும் ஐஸ்ல வச்சுக் கொண்டு வந்துடாத!"